சோதித்துப் பார்ப்பதும் மனம் படும் பாடும்: வயதான ஆண்களுக்கான முன்பரிசோதனை பற்றி

திருகோணமலையில் எந்த ஊரில் மருத்துவ முகாம் வைத்தாலும் வரிசையில் அதிகம் நிற்பது பெண்கள்தான். அறுபதைத் தாண்டிய ஆண்கள் வந்திருந்தால் அநேகமாக மனைவியை ஏற்றிக்கொண்டு வந்தவர்களாக இருப்பார்கள், மோட்டார் சைக்கிளை மரத்தடியில் விட்டுவிட்டு அங்கேயே நிற்பார்கள். உள்ளே கூப்பிட்டால், "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, சும்மா இருக்கிற உடம்பை ஏன் கிண்டுவான்?" என்பார்கள். பிடிவாதம் என்று நாங்கள் உடனே முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் அந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது, அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பயமும் இருக்கிறது. இரண்டையும் விளங்கிக்கொள்ளாமல் எங்கள் அப்பாமாரையும் மாமாமாரையும் இழுத்துக்கொண்டு போய்ச் சோதிப்பது சரியில்லை, சோதிக்காமலே விட்டுவிடுவதும் சரியில்லை. அதனால்தான் இதை அடியிலிருந்து விளக்க நினைத்தேன்.

நெஞ்சு நோகிறது, சலம் போகக் கஷ்டமாக இருக்கிறது என்று டொக்டரிடம் போவது ஒன்று. ஒரு குறையும் தெரியாமல் நடமாடுகிற ஆளுக்கு ஏதாவது வருத்தம் ஒளிந்திருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது வேறொன்று. ஸ்கிரீனிங் என்று சொல்வது இந்த இரண்டாவதைத்தான், இங்கே முன்பரிசோதனை என்று எழுதுகிறேன். மனதைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நோவோடு போனவருக்கு டொக்டர் என்ன சொன்னாலும் அது அவர் கேட்ட கேள்விக்கான பதில். முன்பரிசோதனைக்குப் போகிறவரோ காலையில் மீன் வாங்கிக் கொடுத்து, பேரப்பிள்ளையைப் பாடசாலையில் விட்டுவிட்டு, சுகதேகியாக உள்ளே போகிறார், பத்து நிமிடத்தில் 'உங்களுக்கு இது இருக்கலாம் போல கிடக்கு' என்ற சொல்லோடு வெளியே வருகிறார். அவர் கேட்காத கேள்விக்கு வந்த பதில் அது. 1968இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் என்ற இருவர் எந்த வருத்தத்தை இப்படித் தேடலாம் என்பதற்குப் பத்து விதிகள் எழுதினார்கள், இன்றும் பல நாடுகள் அவற்றைத்தான் அடிப்படையாக வைத்திருக்கின்றன. கண்டுபிடித்தால் அதற்குச் சிகிச்சை இருக்க வேண்டும், பரிசோதனை மக்கள் ஏற்றுக்கொள்ளக் கூடியதாக இருக்க வேண்டும் என்பவை அதில் முக்கியமானவை. தேடுகிறோம் என்பதற்காக எல்லாவற்றையும் தேடக் கூடாது என்பது அப்போதே தெரிந்திருந்தது.

எங்கள் நாட்டில் 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்கள் திறக்கப்பட்டு, ஆஸ்பத்திரிகளோடும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளோடும் சேர்ந்து இயங்குகின்றன. பிரஷர், சீனி, நிறை, உயரம் எல்லாம் பார்ப்பார்கள், வாயைத் திறந்து பார்ப்பார்கள், காசு வாங்குவதில்லை. அங்கேயும் ஆண்களின் வரவு குறைவு என்பது நாடு முழுக்கப் பழைய கதை. இன்னொரு பக்கம் தனியார் ஆய்வுகூடங்களின் 'ஃபுல் பொடி செக்கப்' இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற மகனோ மகளோ காசு அனுப்பி, "அப்பாவுக்கு எல்லாத்தையும் ஒருக்காப் பாருங்கோ" என்று சொல்லி எடுக்கப்படுபவை அவற்றில் நிறைய. அந்தப் பட்டியலில் பி.எஸ்.ஏ. என்ற மூன்று எழுத்தும் ஒரு மூலையில் இருக்கும். இரத்தம் கொடுத்த ஆளுக்கு அது எதற்கு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த மூன்று எழுத்து

பி.எஸ்.ஏ.யை வைத்தே விளக்குகிறேன், ஏனென்றால் வயதான ஆண்களின் மனதை அதிகம் கலக்குகிற பரிசோதனை அதுதான். சலப்பைக்குக் கீழே ஆண்களுக்கு மட்டும் புரொஸ்டேட் என்று ஒரு சுரப்பி உண்டு. அது உண்டாக்குகிற ஒரு புரதம் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் இந்தப் பரிசோதனை. புரொஸ்டேட்டில் புற்றுநோய் இருந்தால் அளவு கூடும். ஆனால் வயது போகப் போக அந்தச் சுரப்பி சும்மாவே வீங்கும், அதற்கும் கூடும். சலத்தில் கிருமி இருந்தால் கூடும். இரண்டு நாளுக்குள் மனைவியோடு சேர்ந்திருந்தால் கூடும், நீண்ட தூரம் சைக்கிள் ஓடினாலும் கூடலாம். உப்புவெளியிலிருந்து டவுனுக்கு இன்னும் சைக்கிளில் வந்து போகிற ஐயாமார் இருக்கிறார்கள், அவர்களிடம் இதை யார் கேட்கிறார்கள்? அளவு கூடியிருக்கிற நாலு ஆண்களில் மூன்று பேருக்குக் கிட்டத்தட்டப் புற்றுநோய் இருப்பதில்லை. மறுபக்கம், அளவு சரியாக இருப்பவர்களிலும் ஏழு பேரில் ஒருவருக்கு இருக்கக் கூடும்.

சின்னக் கண் வலையைப் போட்டால் வேண்டிய மீனோடு குஞ்சும் குப்பையும் சேர்ந்து வரும், கரைக்கு இழுத்துப் பிரித்துப் பார்க்கும்வரை வலை கனமாக இருப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. முன்பரிசோதனையின் முதல் முடிவும் அவ்வளவுதான். அடுத்ததாக ஸ்கேன் வேண்டும், சில பேருக்கு ஊசியால் சதைத் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும், அதன் பிறகுதான் வருத்தம் உண்டா இல்லையா என்று சொல்லலாம். 1970இல் இந்த வகைப் புரதத்தைப் பற்றி முதலில் எழுதியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் அப்லின் என்ற அமெரிக்க விஞ்ஞானி, 2010இல் இதை எல்லா ஆண்களுக்கும் பொதுவாகச் செய்வதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2018இல் சொன்ன ஆலோசனை இது: 55 முதல் 69 வயதுவரை உள்ளவர்கள் டொக்டரோடு பேசித் தாங்களே முடிவெடுக்கட்டும், 70க்கு மேல் அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம்.

இதெல்லாம் படிக்க இலகுவாக இருக்கிறது. ஆனால் கையில் ரிப்போர்ட்டோடு நிற்கிற மனுசனுக்கு வேறு விதமாகக் கேட்கும். தாள் ஆங்கிலத்தில் இருக்கும், ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் நட்சத்திரம் போட்டிருக்கும். பக்கத்து வீட்டுப் பெடியன் ஃபோனில் தேடிப் பார்த்து 'கேன்சர்' என்று வாசித்துவிடுவான். அதற்குப் பிறகு அவர் காதில் விழுவது ஒரே சொல், புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிற மகரகம. அந்த ஊரின் பெயரே எங்கள் பக்கத்தில் வருத்தத்தின் பெயராகிவிட்டது. நாலு பேரில் மூன்று பேர் என்ற கணக்கை அந்த நேரத்தில் அவர் மனம் எடுக்காது, நாலாவது ஆள் தான்தான் என்று அது முடிவு செய்துவிடும்.

அடுத்த கட்டப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால் பயம் போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். 2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. பி.எஸ்.ஏ. கூடியிருந்து, சதைத் துண்டு எடுத்துப் பார்த்து, புற்றுநோய் இல்லை என்று தெரிந்துகொண்ட ஆண்களை ஆறு வாரம் கழித்துக் கேட்டபோது, ஏறத்தாழப் பாதிப் பேர் அந்தப் புற்றுநோயைப் பற்றி அடிக்கடியோ சில நேரங்களிலோ நினைத்துக்கொண்டு இருந்தார்கள். முதலிலேயே அளவு சரியாக இருந்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. பரிசோதனை முடிந்த பிறகும் மனம் அதே வரிசையில் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

அதைவிடப் பாரமான செய்தி ஸ்வீடனில் இருந்து வந்தது. அந்த நாட்டுப் பதிவேடுகளை வைத்து 2009இல் வெளியான ஆய்வு, புரொஸ்டேட் புற்றுநோய் என்று சொல்லப்பட்ட முதல் வாரங்களில் மாரடைப்பு போன்ற இதய, இரத்தக் குழாய்ச் சிக்கல்களும் தற்கொலையும் கூடுவதைக் காட்டியது. அப்படி நடப்பது மிகச் சிலருக்குத்தான். என்றாலும் வருத்தம் கொல்ல முதல் செய்தியே ஓர் ஆளை விழுத்தக் கூடும் என்று தெரிந்த பிறகு, அந்தச் செய்தியைச் சொல்லும் விதத்தைச் சின்ன விஷயமாக நினைக்க என்னால் முடியவில்லை.

காத்திருக்கிற நாட்கள்

முதல் முடிவுக்கும் கடைசி முடிவுக்கும் நடுவில் ஒரு காலம் இருக்கிறதே, மனம் அதிகம் அடிபடுவது அங்கேதான். எங்கள் ஊரில் அது நீளமும் கூட. கிளினிக் திகதி, ஸ்கேன் திகதி, சில வேளை கண்டிக்கோ கொழும்புக்கோ இரவு பஸ், கூடப் போக ஒரு ஆள், அங்கே தங்க ஓர் இடம், சிங்களத்தில் பேச ஒருவர். மூதூரிலிருந்தோ வெருகலிலிருந்தோ வருகிறவர்களுக்கு டவுனுக்கு வந்து போவதே ஒரு நாள் வேலை.

அந்த வயது ஆண்கள் பயத்தைப் பயம் என்று சொல்ல மாட்டார்கள். அது எரிச்சலாக வரும், குழம்பில் உப்பில்லை என்று சண்டையாக வரும். வழக்கமாகப் பின்னேரம் டச்பே கடற்கரையில் கூட்டாளிமாரோடு இருந்து கதைக்கிறவர் வீட்டுக்குள்ளேயே படுத்திருப்பார். சாமம் இரண்டு மணிக்கு எழும்பி முற்றத்தில் நடப்பார், கேட்டால் புழுக்கம் என்பார். சிலர் திடீரென்று அலுமாரியைத் திறந்து காணி உறுதியை எடுத்து வைத்துக்கொண்டு எதை யாருக்கு எழுதுவது என்று பேசத் தொடங்குவார்கள். சிலர் கொஞ்சம் கூடுதலாகக் குடிப்பார்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு இது மனுசன் குணம் மாறியது போலத் தெரியும், பரிசோதனையோடு முடிச்சுப் போட்டுப் பார்க்கத் தோன்றாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்று எழுபது வயதில் இருக்கிற ஒருவர் வாழ்க்கையின் நடுப்பகுதி முழுவதையும் போருக்குள் கழித்தவர். அடையாள அட்டையை நீட்டி நீட்டி வளர்ந்த கை அது. 2004 சுனாமியையும் இந்தக் கரையில் இருந்து கண்டவர். அப்படிப்பட்ட ஒருவரை வாங்கில் இருத்தி, பெயர் கூப்பிட்டு, ஒரு கதவுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், காரணம் சொல்லாமல் "அடுத்த கிழமை வாங்கோ" என்று அனுப்பினால் அவருடைய உடம்பு அதை வெறும் கிளினிக் வரிசையாக எடுத்துக்கொள்ளும் என்று எப்படி எதிர்பார்க்கலாம்? எல்லோருக்கும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் உள்ளே வர மறுத்து மரத்தடியில் நிற்கிறவரைத் திட்ட முதல் இதையும் ஒருக்கா யோசிக்கலாம்.

'பிரஷர்காரன்' ஆன பிறகு

இதுவரை சொன்னது பெரிய வருத்தங்களைப் பற்றி. சாதாரண பிரஷருக்கும் மனதில் ஒரு விலை உண்டு. கனடாவின் ஹமில்டன் நகரத்தில் உருக்கு ஆலைத் தொழிலாளர்களுக்கு பிரஷர் பார்த்து, கூடியிருந்தவர்களுக்கு அதைச் சொன்னார்கள். சொன்ன பிறகு அவர்கள் வருத்தம் என்று வேலைக்கு வராமல் நின்ற நாட்கள் நன்றாகக் கூடிவிட்டன. 1978இல் வெளியான இந்த ஆய்வு இன்றும் பேசப்படுகிறது, ஏனென்றால் பிரஷர் முதல் நாளும் இருந்தது, உடம்பில் எதுவும் மாறவில்லை. மாறியது தன்னைப் பற்றி அவர்கள் வைத்திருந்த எண்ணம்தான். எங்கள் ஊரிலும் இது நடக்கிறது. தோட்டத்தில் வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டு இருந்தவர் "எனக்கு பிரஷர்" என்று சொல்லிக் கதிரையில் உட்கார்ந்துவிடுவார், உட்காருவதால் பிரஷர் இன்னும் கூடும். திருவிழாவில் தேர்வடம் பிடிக்கப் போகாமல் விடுவார். பிள்ளைகளும் அன்பினால்தான், "அப்பா சும்மா இருங்கோ" என்று சொல்லிச் சொல்லியே அவரை நோயாளியாக்கிவிடுவார்கள்.

இத்தனைக்கும் ஒரு தடவை பார்த்த பிரஷரை வைத்து முடிவு கட்டவே கூடாது. வெள்ளைக் கோட்டைக் கண்டாலே ஏறுகிற பிரஷர் உண்டு, கிளினிக்கில் 150 காட்டியவருக்கு வீட்டில் 130 இருக்கலாம். ஐந்து நிமிடம் அமைதியாக இருத்தி, வேறு நாட்களிலும் பார்த்த பிறகுதான் அது பிரஷரா என்று தீர்மானிப்பார்கள். இதை வரிசையில் நிற்கும்போதே சொல்லிவிட்டால் பாதிப் பயம் அங்கேயே இறங்கிவிடும்.

வாயைச் சோதிப்பதில் பயத்தோடு வெட்கமும் சேரும். இலங்கை ஆண்களில் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய், வெற்றிலை பாக்கோடு புகையிலை போடுகிறவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். ஐம்பது வருடம் வெற்றிலை போட்ட வாயை ஒரு சின்னப் பிள்ளை வயது டொக்டருக்கு முன்னால் திறப்பது பல ஐயாமாருக்குக் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது மாதிரி. "இவ்வளவு காலம் சப்பினனீங்கள் தானே, இப்ப பாருங்கோ" என்று யாராவது ஏசிவிட்டால் அந்த வாய் இனித் திறக்காது. வெள்ளைத் திட்டு கண்டால்கூட அதில் பெரும்பாலானவை புற்றுநோயாவதில்லை, நேரத்தோடு கண்டால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஏச்சு இல்லாமல் இந்த இரண்டு வசனத்தைச் சொல்லிவிட்டு வாயைப் பார்த்தால் போதும்.

'எல்லாம் சரி' என்று வந்தால் பிரச்சினை இல்லை என்று நினைக்க வேண்டாம். நல்ல ரிப்போர்ட்டைச் சான்றிதழாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. "சீனி இல்லை, கொலஸ்ட்ரோல் இல்லை" என்று சொல்லிச் சுருட்டைத் தொடருவார்கள், பிறகு உண்மையாகவே நெஞ்சு நோகும்போது "போன மாசம்தானே பார்த்தது" என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடுவார்கள். சரி என்ற முடிவு அன்றைய நாளுக்கும் அன்று பார்த்த வருத்தத்துக்கும் மட்டும்தான்.

இனி, கண்டுபிடித்துவிட்டு ஒன்றும் செய்யாமல் வைத்திருக்கிற நிலை. வயிற்றுக்குள் ஓடுகிற பெரிய இரத்தக் குழாய் சில ஆண்களுக்கு, முக்கியமாகப் புகைபிடித்தவர்களுக்கு, வயதோடு வீங்கும். பெரிதாகி வெடித்தால் உயிர் தப்புவது கடினம், ஐன்ஸ்டைன் 1955இல் இறந்தது அப்படித்தான். இங்கிலாந்தில் 65 வயதாகும் ஆண்களை அழைத்து வயிற்றை ஸ்கேன் செய்து பார்க்கும் திட்டம் 2009இல் தொடங்கியது. 3 சென்ரிமீற்றருக்கு மேல் என்றால் வீக்கம், 5.5 வந்தால் அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் அனுப்புவார்கள், இடையில் இருப்பவர்களை வருடத்துக்கு ஒரு தடவையோ மூன்று மாதத்துக்கு ஒரு தடவையோ அளந்துகொண்டே இருப்பார்கள். அறுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை வைத்துச் செய்து 2002இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், இப்படித் தேடியதால் அந்த வீக்கத்தினால் இறப்பவர்கள் குறைந்தார்கள், வீக்கம் கண்டவர்களின் மனக்கலக்கமும் பெரிய அளவில் நீடிக்கவில்லை. இது நல்ல செய்தி. ஆனாலும் அப்படி வாழ்கிற ஆண்களோடு உட்கார்ந்து பேசிப் பார்த்த ஆய்வுகளில் வேறொரு படமும் தெரிகிறது: பாரம் தூக்கப் பயப்படுகிறவர்கள், தூரப் பயணத்தைத் தவிர்ப்பவர்கள், மனைவியிடம் சொல்லாமல் வைத்திருப்பவர்கள். சராசரிக் கணக்கில் கலக்கம் இல்லை என்பதால் ஒவ்வொரு வீட்டிலும் இல்லை என்று ஆகிவிடாது. வேறு ஏதோ காரணத்துக்காக வயிற்றை ஸ்கேன் செய்யும்போது இந்த வீக்கம் தற்செயலாகத் தெரிந்துவிட்டால் எங்கள் ஊர் ஆளுக்கும் இதே நிலைதான்.

புரொஸ்டேட்டிலும் இப்படி உண்டு. மெதுவாக வளர்கிற, ஆளின் ஆயுளுக்குள் தொல்லையே தராத புற்றுநோய்கள் அங்கே நிறைய. 1,643 ஆண்களைப் பதினைந்து வருடம் தொடர்ந்து பார்த்த பிரித்தானிய ஆய்வு 2023இல் வெளியானது. அறுவைச் சிகிச்சை செய்தவர்கள், கதிர் கொடுத்தவர்கள், கண்காணிப்பில் வைத்திருந்தவர்கள் என்று எந்தப் பிரிவை எடுத்தாலும் அந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். ஆனால் "புற்றுநோய் இருக்குது, ஒன்றும் செய்யத் தேவையில்லை, பார்த்துக்கொண்டு இருப்போம்" என்ற வசனத்தை எங்கள் ஊரில் ஓர் ஐயாவிடம் சொல்லிப் பாருங்கள். கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் அவர் எடுப்பார். பதற்றம் தாங்காமல், வருத்தம் வளராமல் இருக்கும்போதே வெட்டச் சொல்லிக் கேட்கிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு, அதன் பிறகு சலம் கசிவதும் தாம்பத்தியம் இல்லாமல் போவதும் அவர்களுக்குப் புதுக் கவலையாகிவிடும்.

அப்படியானால் சோதிக்காமல் இருப்பது நல்லதா என்று கேட்டால், என் பதில் பரிசோதனைக்குப் பரிசோதனை மாறும். அறுபது வயதுவரை ஒரு நாளும் பிரஷரும் சீனியும் பார்க்காதவர் நாளைக்கே பார்க்க வேண்டும். இலகுவான பரிசோதனை, மருந்து கையில் இருக்கிறது, விட்டால் பாரிசவாதமும் சிறுநீரகச் செயலிழப்பும் வரலாம். வெற்றிலை, புகையிலை பழக்கம் உள்ளவர் வாயைக் காட்ட வேண்டும். பி.எஸ்.ஏ.க்கு முன்னால் டொக்டரோடு பேச வேண்டும். காரணமே இல்லாமல் எடுக்கிற முழு உடம்புப் பொதியை நான் பரிந்துரைக்க மாட்டேன், அப்படியான பொதுப் பரிசோதனைகள் ஆயுளைக் கூட்டியதாக இதுவரை நடந்த பெரிய ஆய்வுகள் காட்டவில்லை.

எதைச் செய்வதாக இருந்தாலும் இரத்தம் கொடுக்க முதல் மூன்று விஷயத்தைக் கேளுங்கள், அல்லது கூடப் போகிறவர் கேட்கட்டும். இதில் கூடுதலாக வந்தால் அடுத்தது என்ன செய்வீர்கள்? கூடியிருந்தும் வருத்தம் இல்லாமல் இருக்க எவ்வளவு வாய்ப்பு? இந்த வயதில் தெரிந்துகொள்வதால் எனக்கு என்ன மாறும்? மூன்றாவது கேள்விக்கு "ஒன்றும் மாறாது" என்று பதில் வந்தால், எண்பத்திரண்டு வயதான ஒருவர் "அப்ப எனக்கு வேண்டாம் தம்பி" என்று சொல்லலாம், அது முழுக்க நியாயமான முடிவு. பிள்ளைகள் அதைக் கோழைத்தனம் என்று சொல்லக் கூடாது.

முடிவைச் சொல்கிறவர்களுக்கு, அது டொக்டராக இருக்கட்டும், தாதியாக இருக்கட்டும், ஆய்வுகூடத்தில் தாளை நீட்டுகிற பிள்ளையாக இருக்கட்டும், என் வேண்டுகோள் ஒன்றுதான். ஆளை இருத்துங்கள், தமிழில் சொல்லுங்கள், இது கடைசி முடிவு இல்லை என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள், அடுத்து எங்கே எந்தத் திகதியில் போக வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். திகதி கையில் இருக்கிற மனுசனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கும்.

வீட்டுக்காரர் செய்யக்கூடியது, காத்திருக்கிற நாட்களில் அவரைத் தனியே விடாமல் வழக்கமான வேலைகளை அவர் கையிலேயே விட்டு வைப்பது. ரிப்போர்ட்டை அவருக்குத் தெரியாமல் மறைத்து, பக்கத்து அறையில் குசுகுசு என்று பேச வேண்டாம். அவர் அந்தக் குசுகுசுப்பை வைத்தே மோசமானதை எழுதிக்கொள்வார். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, "நான் இருந்து என்ன பிரயோசனம்" மாதிரிப் பேச்சு வருகிறது என்றால் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல் மனநலப் பிரிவில் காட்டுங்கள். இரவில் அவசரமாக யாரோடாவது பேச வேண்டியிருந்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.